ஓக் வராத மலை

இலங்கை மலைகளில் ஓக் மரம் தானாக முளைப்பதில்லை. காஷ்மீரிலிருந்து அருணாசலப் பிரதேசம் வரை இமயச் சரிவெங்கும் அது நிற்கிறது. அங்கிருந்து மியன்மார், மலாயா வழியாக இறங்கி, நிலநடுக்கோட்டையும் தாண்டி ஜாவா வரை போயிருக்கிறது. நீலகிரியில் இல்லை, பழனியில் இல்லை, ஆனைமலையில் இல்லை. பாக்கு நீரிணைக்கு இப்பால் பிதுருதலாகலையிலும் கிரிகல்பொத்தையிலும் இல்லை. உலகில் நானூறுக்கு மேற்பட்ட ஓக் இனங்கள் இருக்க, அவற்றில் ஒன்றுகூட இந்தியத் தீபகற்பத்து மலைகளிலோ நம் மலைகளிலோ காலூன்றவில்லை.

குளிர் போதாது என்று சொல்லித் தப்ப முடியாது. நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைத் தாவரவியல் பூங்காவில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்ட ஓக்குகள் இன்றும் தளிர்க்கின்றன. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் இருக்கிறது. இமயத்தில் கர்சு என்னும் மலை ஓக் தொடங்குகிற உயரமும் ஏறத்தாழ அதுவே. மழையும் மூடுபனியும் புளித்த கறுப்பு மண்ணும் இங்கேயும் உண்டு. மரத்துக்கு வேண்டியவை பலவும் காத்திருக்கின்றன. மரம் மட்டும் வரவில்லை.

இந்த இன்மையை நான் கவனிக்கத் தொடங்கியது இன்னொரு மரத்தால். ஓக்கின் நெருங்கிய தோழன் நம் மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரோடோடென்ட்ரன் ஆர்போரியம் என்னும் அந்த மரத்தைத் தமிழில் காட்டுப்பூவரசு என்றும் சிங்களத்தில் மகா ரத்மல் என்றும் சொல்வார்கள். இமயத்தில் அது ஓக் காட்டின் உள்ளே, பெரிய மரங்களுக்குக் கீழே, அவற்றின் நிழலையும் இலைமக்கையும் நம்பி வளர்கிறது. கர்வாலிலும் குமாவூனிலும் பாஞ்சு ஓக்கையும் இந்தச் செம்பூ மரத்தையும் சேர்த்தே சொல்வது மக்கள் வழக்கம். அதே மரத்தின் இலங்கைக் கிளையினம் ஹோர்ட்டன் சமவெளியின் திறந்த புல்வெளியில் தனியாக நிற்கிறது. தண்டு கோணி, பட்டை தக்கையாய்த் தடித்து, புல்லில் ஓடிய பழைய தீக்களின் கருமை அடிமரத்தில் ஏறியிருக்கும். தலைக்குமேல் நிழல் தர எதுவும் கிடையாது.

இந்தச் செம்பூ மரமும் கர்சு ஓக்கும் அறிவியலுக்குள் நுழைந்ததும் ஒரே கைவழியாகத்தான். 1796இல் தோமஸ் ஹார்ட்விக் என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிப் படையதிகாரி கர்வால் பக்கம் பயணம் போனபோது செம்பூ மரத்தைக் கண்டார். லண்டன் லின்னேயன் சங்கத்தை நிறுவிய ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் 1805இல் அதற்கு அறிவியற் பெயர் வைத்தார். கர்சு ஓக்குக்கு 1814இல் குவெர்கஸ் செமெகார்ப்பிஃபோலியா என்று பெயரிட்டவரும் அதே ஸ்மித். அதன் இலை சேராங்கொட்டை இலையை அவருக்கு நினைவூட்டியிருக்கிறது.

கர்சு முப்பது மீற்றர் வரை உயரும். 3,800 மீற்றர் வரை ஏறிப்போய், சில இடங்களில் மரங்களின் கடைசி எல்லையிலேயே நிற்கும். பசுமை மாறாத மரம் என்று அதை வகைப்படுத்துகிறார்கள். ஆனால் அதன் பசுமை ஓராண்டுப் பசுமை. வைகாசி, ஆனியில் புதிய இலையும் பூவும் ஒருசேர வருகின்றன. அதே வாரங்களில் பழைய இலைகள் எல்லாம் கொட்டிவிடுகின்றன. ஒரு தலைமுறை இலை போகிற வேளையில் அடுத்தது வந்து அமர்ந்துவிடுவதால் மரம் ஒருநாளும் மொட்டையாகத் தெரிவதில்லை. இளம் இலையின் அடிப்பக்கத்தில் துருநிற மயிர் படிந்திருக்கும். கன்றின் இலைகளுக்கும், வெட்டுப்பட்டுத் திரும்பத் துளிர்த்த கிளைகளின் இலைகளுக்கும் ஓரமெல்லாம் முள். ஆடுமாடு எட்டாத உயரத்துக்குப் போனபின் அதே மரம் முள்ளில்லாத மழுங்கல் இலைகளை விடுகிறது. ஒரே மரத்தின் கீழ்க்கிளையையும் மேற்கிளையையும் தனித்தனியாகக் காட்டினால் இரண்டு இனம் என்றே நினைக்கத் தோன்றும். தனக்கு எங்கே ஆபத்து என்பதை இலையின் ஓரத்திலேயே குறித்து வைத்திருக்கும் மரம் இது.

அதன் விதையில்தான் கதை முழுவதும் இருக்கிறது. ஆண்பூக்கள் சரமாகத் தொங்கும்; மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். மகரந்தம் ஏற்ற பெண்பூ முதல் ஆண்டில் ஏதும் நடவாததுபோல் சிறு மொட்டாகவே இருந்துவிடும். அடுத்த ஆண்டு கோடையில்தான் அது வேகமாகப் பருத்து, ஆடி ஆவணி மழையின் நடுவே முற்றி விழும். பூவிலிருந்து விதைவரை ஏறத்தாழ பதினைந்து மாதம். இவ்வளவு காலம் சுமந்த விதைக்கு உறக்கநிலை என்பதே கிடையாது. விழுந்த சில நாட்களில் முளைவிடும். மழை கனத்த ஆண்டுகளில், கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஓட்டைப் பிளந்து வேர்முனை வெளியே எட்டிப் பார்க்கும். நெல்லைப்போல் காயவைத்துக் குதிரில் சேமிக்க முடியாத விதை அது, காய்ந்தால் செத்துவிடும். மண்ணில் பல ஆண்டு காத்திருந்து நல்லகாலத்தில் முளைக்கிற வழக்கமும் அதற்கில்லை. மழை வந்திருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் மட்டுமே விழுகிறது. விழுந்தவுடன் முதல் வேலை வேரைக் கீழே அனுப்புவது. இலை அதற்குப் பிறகு.

இந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் காண்கிறது. வசந்தமும் கோடையும் வெம்மை கூடி விதை முன்கூட்டியே முற்றிவிட்டால், பருவமழை வருமுன் விழுந்து ஈரம் வற்றிப் போகுமே என்ற கவலையை நைனிதாலில் உள்ள குமாவூன் பல்கலைக்கழகத்தின் காட்டாய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே பல கர்சுக் காடுகளில் கிழமரங்கள் மட்டுமே நிற்கின்றன, கன்றுகள் இல்லை. தீவனத்துக்குக் கிளை கழிப்பதும் மேய்ச்சலும் ஒரு காரணம். விதையை விரும்பித் தின்னும் கரடியும் குரங்கும் பறக்கும் அணிலும் முன்பும் இருந்தன. அவை தின்றது போக மிஞ்சியதுதான் அந்தக் காடு.

இனி நம் தோழனின் விதையை எடுத்துக்கொள்வோம். காட்டுப்பூவரசின் காய் காய்ந்து வெடிக்கும்போது உள்ளிருந்து கொட்டுவது விதை என்று நம்ப முடியாத அளவு நுண்ணிய தூள். உலர்ச்சியைத் தாங்கும். காற்று எங்கே கொண்டுபோனாலும் போகும். பனியுகங்களில் தென்னகமும் குளிர்ந்து, மலைத்தாவரங்கள் தாழ்ந்த குன்றுகளுக்கு இறங்கி வாழ்ந்த காலங்கள் உண்டு. கடல்மட்டம் தாழ்ந்து இலங்கை பெருநிலத்தோடு ஒட்டியிருந்த காலங்களும் அவையே. சாத்பூரா போன்ற இடைமலைகளைப் படிக்கற்களாகக் கொண்டு மலையுயிர்கள் தெற்கே வந்தன என்ற கருத்தை சுந்தர் லால் ஹோரா 1940களில் மலையோடை மீன்களை வைத்து முன்வைத்தார். அந்தக் கருத்தின் விவரங்கள் பின்னர் பலமுறை விவாதிக்கப்பட்டுவிட்டன. ஆனால் விதையைப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. தூளாகப் பறக்கும் விதைக்குத் தக்காணத்தின் வறண்ட வெளி தாண்டக்கூடிய தூரம். காய்ந்தால் சாகும் கனத்த கொட்டைக்கு, அணிலும் பறவையும் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தாலொழிய நகர முடியாத கொட்டைக்கு, அந்த வெளி கடலைவிட அகலம். ஜாவாவுக்குப் போன வழியில் ஈரக்காடு விட்டுவிட்டேனும் தொடர்ந்தது. நம் பக்கம் வரும் வழியில் தொடரவில்லை. ஓக் வராததற்கு என் விளக்கம் இது.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கி வந்தபோது சிதறிய துண்டுகள் என்று ரூமஸ்ஸலையையும் ரிட்டிகலையையும் காட்டுவார்கள். இமயத்தின் ஓர் உயிர் உண்மையாகவே தென்கோடி மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்ற வியப்பை, அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாம் பட்டிப்பொலையில் ரயிலைவிட்டு இறங்கும்போதே உணர வேண்டும். செம்பூ மரத்தைப் படமெடுத்துக்கொண்டு உலக முடிவுப் பள்ளத்தை நோக்கி விரைபவர்களைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மரம் வரவில்லை என்றேன். மரத்தின் ஒரு பகுதி கொழும்புக்கு வந்தது. குறிப்பாக நான் நாள்தோறும் நடமாடும் புதுக்கடைக்கு வந்தது.

ஓக்கின் பட்டை, இலை, கொட்டை அனைத்திலும் துவர்ப்பு நிறைந்திருக்கிறது. பூச்சியையும் விலங்கையும் பூஞ்சணத்தையும் தள்ளி நிறுத்துவதற்கு அது மரத்தின் காப்பு. துருக்கி, ஈரான் பக்கத்து மலைச்சரிவுகளில் குவெர்கஸ் இன்ஃபெக்டோரியா என்ற குட்டை ஓக் வளர்கிறது. அதன் இளந்தளிர் மொட்டில் ஒரு சிறு குளவி முட்டையிடும். மரம் அந்த இடத்தைச் சுற்றிக் கெட்டியான உருண்டையாக வீங்கிக்கொள்ளும். துவர்ப்பு முழுவதும் அங்கே திரளும். அந்த உருண்டைதான் மாசிக்காய். குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் உரைகல்லில் இழைத்து நாக்கில் தடவுகிற அதே மாசிக்காய். புறக்கோட்டையில் கபோஸ் லேன் மருந்துக் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். உள்ளிருக்கும் குளவி துளையிட்டு வெளியேறுமுன் பறித்த காய்க்கே மதிப்பு அதிகம். ஓக்கை ஒருநாளும் காணாத நம் தாய்மார் அதன் நோயிலிருந்து நம் நோய்க்கு மருந்து எடுத்திருக்கிறார்கள்.

அதே காயை இடித்து ஊறவைத்து, அன்னபேதியும் வேலம்பிசினும் சேர்த்தால் மை. எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப்பட்டுக் கறுத்து, தாளின் நாருக்குள் இறங்கிவிடும். தண்ணீரில் கழுவினாலும் போகாது, சுரண்டினாலும் தடம் விடும். அழிக்க முடியாத எழுத்து வேண்டியவர்கள் சட்டம் செய்பவர்களும் கணக்கு வைப்பவர்களும். எனவே ஐரோப்பாவின் அரசுப் பேரேடுகள் பல நூற்றாண்டுகள் இந்த மையினாலேயே எழுதப்பட்டன. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி இலங்கையில் விட்டுச்சென்ற ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. அந்தக் கம்பனியின் ஆவணத் தொகுதிகளை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்த மையில் ஒரு குணம் உண்டு: அதன் அமிலம் காலப்போக்கில் தாளைத் தின்னும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழும்.

1656இல் கொழும்பு முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்துத் தளபதி ஹுல்ஃப்ட்டின் பெயரால் ஹல்ஸ்டோர்ப் என்று வழங்கும் இந்தப் புதுக்கடையில், காலையில் நீதிமன்ற வாசல்களில் நிற்கும் மனிதர்களில் கணிசமானோர் காணி வழக்குக்காரர். கையில் உறுதிகள். பொலித்தீன் உறையில் சுற்றிய பாட்டன்காலத்துத் தாள். மடிப்பில் கிழிந்து, மை படிந்த இடம் பொரிந்து, வாசிக்க முடியாத ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் தவணை வாங்கிக்கொண்டு நடப்பவர்கள். அந்தப் பழைய கறுப்பு மையைப் பார்க்கும்போதெல்லாம் நான் மலையை நினைத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு.

1840இல் குடியேற்ற அரசு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் எல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அது சொன்னது. உறுதி இல்லாத கண்டிக் கிராமங்களின் மேய்ச்சல் காடும் சேனைக் காடும் ஒரே எழுத்தில் அரசுக்குப் போயின. அரசிடமிருந்து கோப்பித் துரைமாருக்குப் போயின. அக்காலத்து அரசாங்கப் பதிவுகளுக்கு வழக்கமான மை ஓக் மையே. அதாவது, இந்த மலைக்கு வந்து வாழாத மரம், இந்த மலையின் மரங்களை விற்ற தாளில் எழுத்தாக வந்து சேர்ந்தது. அந்த எழுத்தின் பின்னால்தான் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியெல்லாம் பிணம் விட்டுச்சென்ற நம் மலையக மக்களின் வரலாறு தொடங்குகிறது. காட்டை வெட்டியதில் அவர்கள் கைகளும் உண்டு. வெட்டிய நிலத்தில் ஓரடிக்கும் அவர்கள் பெயரில் உறுதி எழுதப்படவில்லை.

இமயத்திலும் இதே கதை, சில பதிற்றாண்டுகள் பிந்தி. 1878ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் பின்னும், குறிப்பாக 1911க்கும் 1917க்கும் இடையிலும், குமாவூனின் கிராமக் காடுகள் ஒதுக்குக் காடுகளாயின. அங்கே கீழ் உயரங்களில், ஏறத்தாழ 1,200 முதல் 2,300 மீற்றர் வரை, பாஞ்சு ஓக் வளர்கிறது. அதன் இலை மேலே கரும்பச்சை; கீழே வெள்ளை மயிர் நெருங்கி மூடியிருக்கும். காற்றடித்தால் சரிவு முழுவதும் ஒருகணம் வெள்ளியாகத் திரும்பும். பாஞ்சின் இலை மாட்டுக்குத் தீவனம், தொழுவத்துக்குப் படுக்கை, பிறகு வயலுக்கு எரு. கட்டை கலப்பைக்கும் கருவிக்காம்புக்கும் அடுப்புக்கும். வேருக்கடியில் தண்ணீர். தடித்த இலைமக்கு மழையை உடனே ஓடவிடாது. சுனைகள் பாஞ்சுக் காட்டின் கீழே வற்றாமல் கசிகின்றன. கல்லால் படிகட்டி அந்தச் சுனைகளை நௌலா என்று குமாவூன் மக்கள் வழிபாட்டுக்குரியதாக வைத்திருக்கிறார்கள். வனத்துறைக்கு வேண்டியிருந்தது வேறு: பிசினும் தண்டவாளக் கட்டையும் தரும் சீர் பைன். பைனின் ஊசியிலை மாடு தின்னாது, எளிதில் மக்காது, கோடையில் ஒரு பொறி பட்டால் சரிவெல்லாம் பற்றும்.

1921இல் குமாவூன் மக்கள் காட்டுக்குத் தீவைத்தார்கள். ராமச்சந்திர குஹா தன் ஆய்வில் கவனித்துச் சொன்ன ஒன்று என்னை விட்டுப் போகவே இல்லை: எரிந்தவை ஏறத்தாழ முழுவதும் பைன் காடுகள். பாஞ்சுக் காடும் அரசின் கையில்தான் இருந்தது. அதை அவர்கள் தொடவில்லை. கோபத்திலும் மரத்தை இனம்பிரித்துப் பார்த்த மக்கள் அவர்கள். தாவரவியல் என்று நாம் நூலில் படிப்பது அவர்களிடம் ஒழுக்கமாக இருந்தது.

1980இல் சமோலி மாவட்டத்தின் டுங்ரி-பைந்தோலியில் இன்னொரு சோதனை வந்தது. விதை உருளைக்கிழங்குப் பண்ணை போடுவதற்காகப் பாஞ்சுக் காட்டின் ஒரு பகுதியை வெட்டிக்கொள்ள, ஆண்கள் மட்டுமே இருந்த கிராமசபை சம்மதித்தது. பதிலுக்கு வீதி, பாடசாலை, மின்சாரம், வைத்தியசாலை என்று வாக்குறுதி. பெண்கள் மறுத்தார்கள். தங்கள் வீட்டு ஆண்களையே எதிர்த்து மரங்களோடு நின்றார்கள். வீதியும் வைத்தியசாலையும் வேண்டாதவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் அந்தக் காடு போனபின் விறகுக்கும் புல்லுக்கும் தண்ணீருக்கும் எத்தனை மைல் கூடுதலாக நடக்கவேண்டும் என்பது நடக்கப்போகிற கால்களுக்குத்தான் தெரியும். காடு பிழைத்தது.

விதை உருளைக்கிழங்கு என்றதும் நம் மலைக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. 1960களில் ஹோர்ட்டன் சமவெளியிலும் விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். கருமண்ணைப் புரட்டி, புல்வெளியைப் பாத்தி கட்டினார்கள். இமயத்தில் ஓக்கைத் தேடிவந்த அதே கிழங்கு இங்கே ஓக் இல்லாத மலைக்கும் வந்தது. இங்கே மறித்து நிற்க ஒருவரும் இருக்கவில்லை. பிறகு கைவிடப்பட்டது. சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

அந்த உயரத்தில் காடு எஞ்சியிருப்பதற்கே ஓக்கை நன்கறிந்த ஒருவர் ஒரு காரணம். ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் 1848 முதல் சிக்கிம் மலைகளில் அலைந்து, ஓக்குகளையும் ரோடோடென்ட்ரன்களையும் பக்கம்பக்கமாகப் பதிந்தவர். பின்னர் கியூ பூங்காவின் பணிப்பாளர். 1873இல் அவர் இலங்கைக்குச் சொன்ன ஆலோசனை: 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விடுங்கள். அரசு அதை ஏற்று, அந்த உயரத்துக்கு மேல் காட்டைத் துப்புரவாக்குவதைத் தடுத்தது. பேரரசின் தாவரவியலாளர் ஒருவர் பேரரசின் பேராசைக்குப் போட்ட அந்தக் கோட்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கோட்டுக்கு மேலும் வெட்டு நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்தக் கோட்டுக்கு மேல், இமயத்தில் ஓக் செய்கிற வேலையை நம் காட்டில் யார் செய்கிறார்கள்? கீன மரம் செய்கிறது. கலோஃபில்லம் வால்கெரி, புன்னையின் மலைச் சகோதரன், இலங்கைக்கே உரியது. சிறுத்துத் தடித்த, மெழுகு பூசிய இலை. தலை தட்டையான குடைவிரிப்பு. தண்டு முறுகி, கிளையெல்லாம் பாசியும் பன்னமும் பூண்டு, நரைத்த தாடிபோல் அஸ்னியா என்னும் லைக்கன் தொங்கும். கூடவே நாவலின் மலையினங்கள், காட்டுக் கறுவா, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துச் சாகும் நெலு. மேகம் இந்தக் காட்டின் ஊடே நகரும்போது பாசியும் இலையும் அதை வடிகட்டித் துளியாக்குகின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைகிறது. வேலைக்கு ஓக் என்ற பெயர் தேவையில்லை. மலை தன்னிடம் இருந்தவர்களைக் கொண்டு அந்த வேலையைச் செய்துகொண்டது. இதை ஓக்கைப் படித்ததனாலேயே நான் கண்டுகொண்டேன். கீன மரத்தைத் தனியாகப் பார்த்திருந்தால், கோணல் மரம் என்று கடந்து போயிருப்பேன்.

கீன இப்போது பட்டுப்போகிறது. 1978இலேயே தொட்டுப்பொல மலையில் மரங்கள் நின்றபடி காய்வதைப் பற்றி இலங்கை வனவியல் இதழில் கட்டுரை வந்தது. அதன்பின் மண், வறட்சி, பனியுறைவு, நகரத்திலிருந்து காற்றோடு ஏறிவரும் மாசு என்று பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் குற்றவாளியாக நிறுத்த முடியவில்லை. கிழமரம் சாகும் இடத்தில் கன்று எழவேண்டும். எழும் கன்றைப் பெருகிவிட்ட மரைகள் கடித்துவிடுகின்றன. கர்சுக் காட்டின் அதே நிலை: பாட்டன்மார் நிற்கிறார்கள், பேரர் இல்லை.

கோட்டுக்குக் கீழே நாம் செய்ததும் குமாவூனில் வனத்துறை செய்ததும் ஒன்றே. 1970களிலிருந்து மலைநாட்டின் புல்மேடுகளிலும் தேய்ந்த தேயிலைக் காணிகளிலும் கரீபியன் பைனை நட்டார்கள். வறண்ட மாதங்களில் பைன் சரிவுகள் எரிவதை பதுளைப் பக்கம் போகிறவர்கள் கண்டிருப்பார்கள். ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும்: பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமல் குணத்திலக, சாவித்திரி குணத்திலக ஆகியோரும் அவர்களோடு உழைத்தவர்களும் சிங்கராஜ ஓரத்துப் பைன் வரிசைகளைச் சற்றே விலக்கி, அந்த நிழலில் நாட்டு மரக்கன்றுகளை வளர்த்துக் காட்டினார்கள். பைனையே செவிலியாக்கிய வேலை அது. மலைநாட்டின் உயர் சரிவுகளில் அதைப் பரவலாகச் செய்யாமல் இருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை.

புதுக்கடைக்கும் இதற்கும் என்ன என்று என் அலுவலகத் தோழர்கள் கேட்பதுண்டு. மை ஒரு விடை. தண்ணீர் இன்னொன்று. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலும் சிவனொளிபாதமலைப் பக்கத்திலும் பிறந்து, கூடி, களனி கங்கையாகி 145 கிலோமீற்றர் ஓடிவருகின்றன. அம்பத்தளையில் அதை இறைத்துச் சுத்தம்செய்து கொழும்புக்கு அனுப்புகிறார்கள். நீதிமன்ற வளவில் தாகத்துக்குக் குழாயைத் திறக்கிற கட்சிக்காரர் கீன மரத்தின் பாசியில் வடிந்த மேகத்தையும் சேர்த்துத்தான் குடிக்கிறார். குமாவூன் பெண்ணுக்கு மரத்துக்கும் குடத்துக்கும் இடையே ஒரு நடைதூரம். நமக்கு இடையே நீர்த்தேக்கங்களும் குழாயும் கட்டணச் சீட்டும் வந்துவிட்டதால், மரம் பட்டுப்போகும் செய்தி பத்திரிகையின் உட்பக்கத்தில் தங்கிவிடுகிறது.

பாஞ்சைப் பற்றி இன்று உலகம் அறிந்தவற்றில் பெரும்பங்கு, தழை அறுக்கப்போன பெண்கள் சொல்ல மற்றவர்கள் எழுதியது. நம் பக்கம் ஒஹியவிலும் பட்டிப்பொலையிலும் அம்பேவலையிலும் லயங்களில் வாழ்பவர்கள் நாலைந்து தலைமுறையாக அந்தக் காட்டோரத்தில் இருக்கிறார்கள். தேயிலை விளைச்சல் பற்றி, சம்பளம் பற்றி, வாக்குப் பற்றி அவர்களிடம் கேட்டிருக்கிறோம். மரத்தைப் பற்றிக் கேட்டதில்லை. மாசி வறட்சியில் எந்த மரத்தடி மண் கடைசியாகக் காய்கிறது; எந்த மரத்தின் கன்றைச் சிறுவயதுக்குப்பின் அவர்கள் காணவில்லை; எந்தச் சரிவில் முதலில் பாசி உதிர்ந்தது, எந்த ஊற்று அதற்குப்பின் நின்றது. இந்தக் கேள்விகளோடு மலையகத்து இளைஞர் சிலர் ஓராண்டு அந்த லயங்களில் தங்கி, கிடைக்கும் பதில்களை அவர்கள் பேசிய தமிழிலேயே, சொன்னவர் பெயரோடு அச்சிட வேண்டும். செலவுக்கு முதல் பங்கை நான் தருகிறேன்.